முட்டிக்காக ஒரு நேர்ச்சை

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் டோபி காட் பக்கம் எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிப்போட்டு பஸ்ஸெல்லாம் சுற்றிச் சுற்றிப் போன காலத்தில், என் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் ஹாக்கி ஆடுகிறவள். நீ என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் இந்த இரண்டாவது பதில்தான் எனக்கு முதலில் வாயில் வரும்.

சனிக்கிழமை மதியம் ஃபேரர் பார்க் திடலில் எங்கள் பெண்கள் அணி ஆடும். நான் ரைட் விங், அதாவது வலது ஓரமாகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டியவள். மட்டை வேலையில் நான் ஒன்றும் பெரிய ஆளில்லை. வேகம் ஒன்றுதான் என் சொத்து. பந்தை முன்னால் தட்டிவிட்டுத் துரத்துவேன். என்னைத் துரத்துகிறவள் பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, பின்னால் நடந்த கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

அம்மாவுக்கு ஹாக்கி ஆகவே ஆகாது. நான் மட்டையைக் கையில் எடுத்தாலே தொடங்கிவிடுவார். "போ, வெயில்ல காஞ்சு கருவாடா வந்து நில்லு. பொண்ணு பாக்க வர்றவங்க உன் மூஞ்சியப் பாப்பாங்களா, கால்ல இருக்கிற காயத்தை எண்ணுவாங்களா?" நான் சாக்ஸைத் தேடுவேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் நடந்த சடங்கு இது. மழையால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியிருக்கலாம், இது தவறியதில்லை.

முட்டி கெட்டுப்போன அன்று காலையில் மழை பெய்து திடல் சொதசொதவென்று இருந்தது. பந்து எனக்குப் பின்னால் போய்விட, நான் சடாரென்று திரும்பினேன். உடம்பு திரும்பிவிட்டது. பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு திரும்பமாட்டேன் என்றது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது முட்டி. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டி எங்கே, தொடை எங்கே என்று தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

எங்கள் அடுக்குமாடி ப்ளோக்குக்குக் கீழே கடை வைத்திருந்த சீன வைத்தியர் கறுப்பாக எதையோ அப்பிக் கட்டுப்போட்டார். வீடு முழுக்க அந்த வாடை. வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் முட்டி ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டது. நினைத்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும். மடக்கிய கால் மடக்கியபடியே நின்றுவிடும், நீட்ட வராது. தொடையைப் பிடித்து இப்படி அப்படித் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு சமயம் 'கிளிக்' என்று திறக்கும். ஆஃபிஸில் நாற்காலியை விட்டு எழும்போது பூட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கப்போனால் படியில் பூட்டும், பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். அந்தக் கால லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இறங்கிப் படி வழியாகக் கீழே வரவேண்டும். அந்தப் படிகளில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதைப் பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துக் கூடவே இறங்கினார்கள்.

பெரிய கூத்து கோயிலில் நடந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்ற நேரம் வந்தது. எல்லாரும் முட்டி போட்டோம். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை, எழ முடியவில்லை. எல்லாரும் வரிசையாகப் போய் நன்மை அப்பம் வாங்கி வந்தார்கள். நான் முட்டி போட்ட இடத்திலேயே, முன் பெஞ்சில் நெற்றியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வலியில் கண்ணீர் வேறு வழிந்தது. பூசை முடிந்து, பாட்டு முடிந்து, விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள். நான் அப்படியே இருந்தேன்.

பின்னால் இரண்டு மூன்று ஆன்ட்டிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா" என்று ஒருவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அம்மா முகத்தில் ஒரு பெருமை வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் வந்து குனிந்து, "போதும் கண்ணு, மாதா கேட்டிருப்பாங்க, எழுந்திரு" என்றார்.

"அம்மா, பூட்டிக்கிச்சு."

"என்ன பூட்டிக்கிச்சு?"

"முட்டி."

அந்தப் பெருமை வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் ஆன்ட்டிகள் அதற்குள் சேதியோடு கிளம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கன்னியாஸ்திரியாகுறதுக்கு உனக்கு அழைத்தல் வந்திருக்குன்னு சொன்னாங்கம்மா, பயப்படாதே" என்றார். அம்மா எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம் அது. அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் சிஸ்டருக்கு முட்டியைக் காட்டி விளக்கினேன். அவர் நல்ல மனுஷி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார். அப்பாவின் பேப்பர் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பெல்லாம் அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன, நான் வீட்டிலேயே இருந்தேன். ஓடினால் முட்டி எந்த அடியில் பூட்டும் என்று தெரியாது. எனக்கு வலியைப் பற்றிப் பயமில்லை. இனிமேல் ஓட முடியாதோ என்பதுதான் பயம். அதற்குக் காரணம் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இளமையில் நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரர். எழுபதாம் ஆண்டு வாக்கில் அவருக்கும் முட்டியில் இதே மாதிரி அடி. அப்போது டாக்டர்கள் முட்டியையே திறந்து, உள்ளே இருந்த குருத்தெலும்பை முழுசாக எடுத்துவிட்டு, தைத்து, இடுப்புக்குக் கீழே காலெல்லாம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது தொடை சூம்பிப்போயிருந்தது. நடந்தார், வேலைக்குப் போனார், ஆடத்தான் இல்லை. கோயிலில் எல்லாரும் முட்டி போடும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஃபேரர் பார்க்கைத் தாண்டி பஸ் போகும்போது மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் தோ பாயோக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோலில் நின்றுகொண்டு பத்துப் பேரை அதட்டிப் பழகியவள், வெளியிலும் அப்படித்தான் பேசுவாள். சிஸ்டர் வந்த கதையைக் கேட்டுச் சிரித்து முடித்ததும் என் முட்டியை அழுத்திப் பார்த்தாள். "இது சும்மா சுளுக்கு இல்லலா. உள்ள கிழிஞ்சிருக்கு. எங்க வார்டுல புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காரு. முட்டியைத் தொறக்காமலே உள்ள பாக்குறாரு. திங்கக்கிழமை லீவு போடு, நான் கூட்டிட்டுப் போறேன்." என் சம்மதத்தை அவள் கேட்கவில்லை.

டாக்டர் சீனர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முட்டிக்குள் பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புகள், மேலெலும்பும் கீழெலும்பும் இடித்துக்கொள்ளாமல் மெத்தை மாதிரி இருக்கின்றன. என்னுடையதில் ஒன்று நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த கீற்று மடங்கி நடுவில் போய் மாட்டுகிறது. கதவுக்கடியில் மிதியடி சிக்கினால் கதவு நகராதே, அதுபோலத்தான் என்றார். முட்டியின் இரண்டு பக்கத்திலும் சின்னத் துளை போட்டு, ஒன்றில் பென்சில் கனத்தில் ஒரு குழாய்க் கண்ணாடியை விட்டு உள்ளே பார்ப்பார். மற்றதன் வழியாகக் கருவியை விட்டு, கிழிந்ததை மட்டும் வெட்டி எடுப்பார். நல்லதாக இருப்பதைத் தொடமாட்டார்.

"திரும்ப ஓடலாமா?" என்றேன்.

"உள்ளே பார்த்தால்தான் தெரியும். எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் தசைநாரும் அறுந்திருந்தால் வேறு கதை. நடக்கலாம், ஓட்டம் சந்தேகம்." கோல்கீப்பர் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவள் கை கனமான கை.

ஆபரேஷன் என்று சொன்னதும் அப்பா பேப்பரை மடித்துவைத்தார், அதுவே பெரிய விஷயம். "தொறக்கமாட்டாங்களா? நல்லாக் கேட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா புதன்கிழமை கோயிலில் நவநாள் ஜெபத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். வழக்கமாகத் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். அன்று வெறும் கையோடு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நாளில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நான் முழித்திருந்தேன். பக்கத்தில் ஒரு டிவி. அதில் என் முட்டிக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தது. உள்ளே தண்ணீரைப் பாய்ச்சி உப்பவைத்திருந்தார்கள். இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் போட்டு அடித்த முட்டி உள்ளுக்குள் இவ்வளவு அழகா என்று ஆச்சரியமாகப் போய்விட்டது. டாக்டர் குழாயைத் திருப்பி, ஒரு கயிறு போலத் தெரிந்ததைக் கருவியால் இழுத்துப் பார்த்தார். அது விறைப்பாக நின்றது. "இதுதான் நான் சொன்ன தசைநார். முழுசாக இருக்கிறது" என்றார். நான் அந்த மேசையில் படுத்தபடியே சத்தமாக "தேங்க்யூ மாதாவே" என்றுவிட்டேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து டாக்டர் "வெல்கம்" என்றார். பிறகு கிழிந்த கீற்றை வெட்டி எடுத்துக் காட்டினார். சொத்தோங் கணவாயில் நறுக்கிய துண்டு போல இருந்தது. இத்தனை ஆட்டம் காட்டியது இந்தச் சின்னத் துண்டுதானா என்று எனக்குக் கோபமே வந்தது.

மறுநாள் பார்க்க வந்தவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். சொந்தக்காரர்கள் மைலோ டின்னும் சிக்கன் எசன்ஸும் சுமந்துகொண்டு, முகத்தைத் துக்கத்துக்குத் தயார்செய்துகொண்டு வந்தார்கள். நான் கழிப்பறைக்கு ஊன்றுகோலோடு நடந்துபோய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். "கட்டு எங்க? மாவுக்கட்டு போடலயா?" நான் துணியை விலக்கிக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தையல். ஒரு பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். "இதுக்குப் பேரு ஆபரேஷனா? எனக்குக் கட்டி ஒடைச்சப்பக்கூட இதைவிடப் பெருசாக் கிழிச்சாங்க." கொண்டுவந்த சிக்கன் எசன்ஸை வைப்பதா, திருப்பி எடுத்துப்போவதா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு மானம் போயிற்று. "தொளைதான் சின்னது, உள்ள பெரிய வேலை" என்று வந்தவர்களுக்கெல்லாம் சமாதானம் சொன்னார்.

அப்பா எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் முட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் கொஞ்சம் முந்திட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி. தொடைக்குப் பலம் வந்தால்தான் முட்டிக்குப் பாதுகாப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கணுக்காலில் கனத்தைக் கட்டிக்கொண்டு காலை நீட்டித் தூக்கவேண்டும். வந்த மைலோ டின்களுக்கு அப்படி ஒரு உபயோகம் கிடைத்தது. அம்மாவே துணிப்பையில் போட்டுக் காலில் கட்டிவிடுவார். "இன்னும் மேல தூக்கு, ஏமாத்தாதே" என்று பக்கத்தில் உட்கார்ந்து அதட்டுவார். கால் தேறிக்கொண்டே வந்தது. பூட்டிக்கொள்வது அடியோடு நின்றுவிட்டது. படியில் இறங்கினேன், பஸ்ஸில் ஏறினேன். டாக்டர் பார்த்துவிட்டு, மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்றார். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். முட்டி போடக்கூடாது. கல் தரையில், சிமெண்டுத் தரையில் முட்டியை ஊன்றவே கூடாது.

அந்தச் சேதியோடு நான் வீட்டுக்கு வந்த அன்றுதான் அம்மா அதுவரை மறைத்துவைத்திருந்ததைச் சொன்னார். "நல்லா நடக்க ஆரம்பிச்சிட்டே. வர்ற ஞாயித்துக்கிழமை நேர்ச்சையைச் செலுத்திடலாம்."

"என்ன நேர்ச்சை?"

"உனக்கு நல்லாயிட்டா, கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நீ முட்டியால நடந்து வருவேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் மணலில் முட்டியால் நடப்பதைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் முட்டி சுகமாக வேண்டும் என்பதற்காக முட்டியால் நடப்பதாக நேர்ந்துகொள்ள, உலகத்தில் எங்கள் அம்மா ஒருவரால்தான் முடியும். "டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா? வேற எதையாச்சும் நேந்துக்கக் கூடாதா? மொட்டை போடுறேன்னு சொல்லியிருக்கலாமே."

"மொட்டை போட்டா மாப்பிள்ளை கெடைப்பானா?" என்றார் அம்மா. எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. அம்மா வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார், முட்டியைக் கெடுத்து என்னை வீட்டோடு உட்காரவைக்கப் பார்க்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லியும்விட்டேன். அம்மா எழுந்துபோய் அரிசியைக் களைந்தார். ரொம்ப நேரம் களைந்தார். இரண்டு நாள் நாங்கள் அப்பா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். பாவம், பேப்பர் படிக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கோல்கீப்பரிடம் புலம்பினேன். அவள் வீட்டில் அண்ணன் தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி எடுப்பவர். நேர்த்திக்கடன் சமாசாரமெல்லாம் அவளுக்குத் தெரியும். "எங்க வீட்டுல யார் நேந்துக்கிட்டாங்களோ அவங்கதான் தூக்கணும்லா. அடுத்த ஆள் தோள்ல ஏத்த முடியாது. உங்க ஃபாதர்கிட்ட போய்க் கேளு" என்றாள்.

ஃபாதர் முன்னால் நானும் அம்மாவும் இரண்டு நாற்காலிகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் இரண்டு பக்கமும் கேட்டார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார் என்று இப்போது நினைக்கிறேன். "அம்மா, நேர்ச்சை செஞ்சவங்களைத்தான் அது கட்டும். புள்ளைக்கு அதுல பொறுப்பு இல்ல. நீங்களும் கஷ்டப்பட வேணாம். நான் மாத்திக் குடுக்கிறேன். மூணு ஜெபமாலை சொல்லுங்க, ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும்."

"அது எப்படி ஃபாதர்? சொன்னது சொன்னதுதானே. அவ வரலேன்னா நான் வர்றேன்."

அம்மாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நல்ல கனமான உடம்பு. தேக்காவிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்பவர். நான் பதறிப்போனேன். ஃபாதர் கையமர்த்தினார். "சரி, மாதாகிட்ட சரியா என்ன கேட்டீங்க? முட்டி சுகமாகணும்னா?"

அம்மா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சுகமாகணும்னு மட்டும் கேக்கல ஃபாதர். இவ மறுபடியும் அந்தக் கட்டையைப் புடிச்சுக்கிட்டு முன்ன மாதிரி ஓடணும்னு கேட்டேன்."

"உங்களுக்குத்தான் அது புடிக்காதே" என்று நான் முணுமுணுத்தேன்.

"புடிக்காதுதான். சனிக்கிழமையானா சோறு வேணாம்னு ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கே. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் வீட்டுல எப்படி இருக்கிறது?"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஃபாதர் மேசைமேல் இருந்த காகிதத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். பிறகு, "அப்படின்னா இவ இன்னும் ஓடலியே. மாதா இன்னும் குடுக்கலேன்னுதானே அர்த்தம். மொதல்ல ஓடட்டும்" என்றார். அம்மா அதை ஒப்புக்கொண்டார். ஆனால் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார்.

அப்படித்தான் அம்மா முதல்தடவையாக ஃபேரர் பார்க் திடலுக்கு வந்தார். நல்ல சேலை, குடை, கைப்பை, கைப்பைக்குள் ஜெபமாலை. அப்பா ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டோரம் போட்டார். அவரும் அந்தத் திடலில் கால் வைத்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் பாதியில் நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. தலையில் முட்டைக் கூடை இருப்பதுபோல நடந்தேன். பந்து என் பக்கம் வந்தால் தட்டிவிட்டு ஒதுங்கினேன். முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கும் தெரியும். ஆனாலும் திரும்பவேண்டிய இடம் வந்தால் அந்த 'டப்' சத்தம் காதில் கேட்டது. எதிர் அணி இரண்டு கோல் போட்டது. கோல்கீப்பர் அங்கிருந்து என்னை என்னவெல்லாமோ சொன்னாள், அச்சில் ஏற்ற முடியாது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா குடையை மடக்கினார். "இது ஓட்டமா? இதுக்கு நான் முட்டியால நடந்தேன்னா மாதாவே சிரிப்பாங்க. நான் கேட்டது இது இல்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக ஓடாதே ஓடாதே என்று உயிரை வாங்கிவிட்டு, இப்போது ஓட்டம் பத்தவில்லையாம். அந்தக் கோபத்தோடுதான் இரண்டாவது பாதிக்கு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் பந்து என்னைத் தாண்டிப் பின்னால் போனது. நான் வலது காலை ஊன்றி சடாரென்று திரும்பினேன். முட்டியும் கூடவே திரும்பியது. அதைக் கவனிக்கக்கூட எனக்கு நேரமில்லை, பந்து ஓடிக்கொண்டிருந்தது. பிடித்தேன், முன்னால் தட்டிவிட்டேன், துரத்தினேன். என்னைத் துரத்தியவள் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நிற்க, அவர் முன்னாலேயே கோட்டோரமாக ஓடிப்போனேன். அந்த இருபது முப்பது கெஜத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. கடைசியில் பந்தை வெளியே அடித்துத் தொலைத்தேன். அதைப் பற்றி யாருக்குக் கவலை. ஆட்டத்தில் தோற்றோம், நான் பல்லைக் காட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

"இதுதான்" என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

திடலிலிருந்து நேராகக் கோயிலுக்கு. கோல்கீப்பரும் கூடவே வந்தாள். வாசலில் அவள் கோலில் நிற்கும்போது கட்டும் பெரிய கால்தடுப்புகளைப் பையிலிருந்து எடுத்து, "ஆன்ட்டி, இதைக் கட்டிக்கிட்டுப் போங்க, ஒண்ணும் தெரியாது" என்று நீட்டினாள். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கே வாய் மூடிக்கொண்டது, அது அபூர்வம்.

அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி போட்டார். சாயங்காலப் பூசைக்கு இன்னும் நேரமிருந்தது. கோயிலில் நாலைந்து பேர்தான். நான் சேற்று சாக்ஸோடு பக்கத்திலேயே நடந்தேன். அப்பா மறுபக்கம். ஒரு முட்டியை நகர்த்தி, நின்று, மூச்சு விட்டு, மற்றதை நகர்த்தி அம்மா போனார். பாதியில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "போதும்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி நகர்ந்தார். எனக்காக யாரும் அப்படி ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

பீடத்துக்கு முன்னால் வந்ததும் எழ முடியவில்லை. நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் கைகொடுத்தோம். "இருங்க, இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்று எங்களைத் தடுத்துவிட்டு, மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

"தாயே, நீ செஞ்சிட்டே, நானும் செஞ்சிட்டேன். ஆனா இன்னிக்கு இந்தப் புள்ளைங்க தோத்துட்டாங்க. அடுத்த வாரம் மட்டும் இவங்களை ஜெயிக்க வச்சின்னா, மறுபடியும் இதே மாதிரி நான்..."

நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். இந்த முறை நான் பயந்தது என் முட்டிக்காக இல்லை.